செய்திக்கும் உண்டு லீஸ்ட் கவுண்ட்



வெர்னியர் காலிப்பரை நாம் எல்லோரும் லேபில் கையில் எடுத்திருக்கிறோம். அதன் லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. என்றால், அதற்கும் குறைந்த வித்தியாசத்தை அது காட்டாது. வித்தியாசம் இல்லை என்று அர்த்தமல்ல, கருவிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். செய்திக்கும் இப்படி ஒரு லீஸ்ட் கவுண்ட் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பத்திரிகை, ரேடியோ, டி.வி., இப்போது செல்போன் எல்லாம் மனித மனத்தை என்ன செய்கின்றன என்று ஆராயும் துறைக்கு ஊடக உளவியல் என்று பெயர். அதில் அடிக்கடி பேசப்படும் ஒரு கொள்கை 'நிகழ்ச்சி நிரல் அமைத்தல்'. 1968-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நேரம். மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு பேராசிரியர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம், நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், பத்திரிகையும் டி.வி.யும் அதிக இடம் கொடுத்த விஷயங்களின் வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. 1972-ல் இதை வெளியிட்டார்கள். நாம் எப்படி நினைக்க வேண்டும் என்பதை விட, எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதைத்தான் செய்தி தீர்மானிக்கிறதாம்.

மக்கள் நினைப்பதைத்தானே பேப்பர்காரன் போடுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே சந்தேகம் வந்தது. ஐயங்கார், கிண்டர் என்ற இருவர் டி.வி. செய்தியை வெட்டி ஒட்டி, ஒரு பிரச்சினையை மட்டும் கூடுதலாகச் சேர்த்துச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் மனதில் அந்தப் பிரச்சினையே பெரிதாகிவிட்டது. 1987-ல் புத்தகமாகவே எழுதினார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 5.9.2012 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இந்தியாவே சிவகாசிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா வேறொரு பயர் ஆபீசில் வேலை பார்த்தார்கள். 'உங்க அம்மா வந்தாச்சா?' என்று தெருவே கேட்டது ஞாபகம் இருக்கிறது.

பெரிய செய்தியால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு 39 பேர் இறந்த ஒரு விபத்தின் செய்தி வந்தபோது சுப்ரீம் கோர்ட் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. அதுவும் சேர்ந்த எம்.சி. மேத்தா வழக்கில் 10.12.1996-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றார்கள். செய்தி வந்தது, கோர்ட் பார்த்தது.

எங்கள் தெருவில் ஒரு அத்தைக்கு மருந்து செலுத்தும்போது தீப்பிடித்து வலது கை வெந்துபோனது. ஒரே ஒரு ஆள். எந்தப் பேப்பரிலும் வரவில்லை. விரல்கள் இன்றும் சரியாக மடங்காது. வேலையும் போச்சு. லீஸ்ட் கவுண்டுக்குக் கீழே!

இன்னொரு கொள்கையும் உண்டு. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1973-ல் சொன்னது. சட்டென்று ஞாபகத்துக்கு வருவதைத்தான் அடிக்கடி நடப்பதாக மனம் கணக்குப் போடுமாம். திருப்பூரில் இருக்கும் எங்கள் மாமா டி.வி.யில் புகையைப் பார்த்தே பழகியவர். 'அங்கே தினமும் வெடிக்குமே, அக்காவை நிறுத்துடா' என்பார். அம்மாவோ பல வருஷம் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தவர். 'நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா' என்பார்கள். யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. அவரவர் கண்ணில் பட்டதை வைத்துத்தான் பேசுகிறார்கள். (எண்ணிப் பார்க்காதவர்களில் நானும் ஒருவன்தான்.)

அதனால் இந்த வருஷம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் யாருக்கு என்ன காயம், என்ன வேலையில், எத்தனை நாள் கூலி போச்சு என்று தேதி போட்டு எழுதுகிறேன். பெயர் எழுதுவதில்லை. அம்மா எட்டிப் பார்த்து, 'இதெல்லாம் ஒரு செய்தியாப்பா?' என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போன தீபாவளிக்கு முந்தி நடந்த ரெண்டைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.