கீட்டோனை அளக்கத்தான் வேண்டுமா?

சோற்றையும் இட்லியையும் சர்க்கரையையும் அறவே விலக்கி, முட்டையும் இறைச்சியும் பனீரும் வெண்ணெயும் தேங்காயுமே ஆகாரமாகக் கொண்டு சரீரத்தின் எடையைக் குறைக்கலாம் என்று சொல்லும் கீட்டோ உணவுமுறை நம் நாட்டிலும் பரவிவிட்ட இந்நாளில், அதைக் கைக்கொண்டவர்களுக்குச் சில தினங்களுக்குள்ளாகவே எழுகின்ற சந்தேகம் ஒன்று உண்டு. தம் உடல் உண்மையிலேயே கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிட்டதா என்பதே அது. அதைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லிச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளும், விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இரத்தத்தைச் சோதிக்கும் கருவிகளும், வாயால் ஊதிப் பார்க்கும் சாதனங்களும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இவற்றை வாங்குவது அவசியந்தானா என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடை குறைவதற்காக மட்டும் இந்த உணவை உண்கின்ற ஆரோக்கியமான மனிதருக்கு இவை வேண்டுவதில்லை, சர்க்கரை வியாதிக்கு மருந்து உட்கொள்ளுகின்றவர் இந்த உணவுக்கு வருவாரானால், அவருக்கு இதே பரீட்சை உயிரைக் காக்கும் பரீட்சையாகலாம்.

கீட்டோன் என்பது நஞ்சுமன்று, அமிர்தமுமன்று. பஞ்ச காலத்துக்கென்று இயற்கை நம் உடலில் அமைத்துவைத்த எரிபொருள். சரீரம் செலவிடுகின்ற சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைத் தான் ஒன்றே எடுத்துக்கொள்ளும் மூளை, வழக்கமாகக் குளுக்கோஸையே நம்பி வாழ்கிறது. கொழுப்பிலிருந்து பிரிந்து இரத்தத்தில் செல்லும் கொழுப்பு அமிலங்களை அது எரிபொருளாகக் கொள்வதில்லை. ஆகவே உபவாசத்தினாலோ, மாவுச்சத்து குறைந்த ஆகாரத்தினாலோ குளுக்கோஸ் அருகி, கணையம் சுரக்கும் இன்சுலினும் தாழும்போது, கல்லீரலானது அந்தக் கொழுப்பு அமிலங்களை உடைத்து, மூளையும் தசையும் இருதயமும் ஏற்றுக்கொள்ளக்கூடிய வடிவில் அனுப்பிவைக்கிறது. அப்படிப் பிறப்பவை அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட், இவற்றோடு சிறிதளவு அசிட்டோன். 1967ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளரான ஜார்ஜ் கேஹிலும் அவருடைய சகாக்களும், வாரக்கணக்கில் உபவாசமிருந்த பருத்த உடலினரைப் பரிசோதித்து, அந்நிலையில் மூளைக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைக் கீட்டோன்களே அளிக்கின்றன என்று நிரூபித்தார்கள். கீட்டோ உணவில் மாவுச்சத்துக்கு நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் வரையே இடமுண்டு. ஒரு கோப்பைச் சோற்றில் மட்டுமே ஏறக்குறைய 45 கிராம் இருக்கிறதென்றால், நம்மவர்களுக்கு இது எத்தகைய கடுமையான நியமம் என்பது விளங்கும்.

இந்த உணவு எடை குறைப்பதற்காகப் பிறந்ததன்று. உபவாசமிருக்கும்போது வலிப்பு நோய் தணிவதைக் கண்ட வைத்தியர்கள், நாள்தோறும் பட்டினி கிடக்காமலேயே பட்டினியின் பயனை அடைய வழி தேடினார்கள். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸல் வைல்டர் 1921ஆம் ஆண்டில், கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தைக் குறைத்தால் கீட்டோன்கள் உண்டாகும் என்றும், அதனால் வலிப்பு அடங்கக்கூடும் என்றும் யோசனை கூறினார். 1938ஆம் ஆண்டில் பெனிட்டாயின் என்னும் மருந்து வலிப்புக்குப் பயன்படும் என்று கண்டறியப்பட்டபின் இச்சிகிச்சை மங்கிப்போயிற்று. ஆயினும் மருந்துகளுக்கு அடங்காத வலிப்பினால் துன்புறும் குழந்தைகளுக்காக மீண்டும் உயிர்பெற்றது. லண்டனிலுள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 145 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று மாதத்துக்குப் பின் இவ்வுணவை உண்டவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உண்ணாதவர்களிலோ நூற்றுக்கு 6 பேருக்கே அப்படிக் குறைந்தது. அத்தகைய குழந்தைக்குக் கீட்டோனை அளப்பது சிகிச்சையின் அங்கம். தாயோ தந்தையோ அதை வைத்தியர் சொன்ன கிரமப்படி செய்தே தீரவேண்டும்.

அளக்கும் சாதனங்களில் பழமையானது சிறுநீர்ப் பட்டை. 1883ஆம் ஆண்டில் எம்மோ லீகல் என்பவர் விவரித்த ரசாயன முறைதான் இன்றும் அதன் ஆதாரம். நைட்ரோபுரூசைடு என்னும் பொருள் அசிட்டோஅசிட்டேட்டோடு சேர்ந்து ஊதா நிறம் கொள்கிறது. 1972ஆம் ஆண்டில் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் ராபர்ட் அட்கின்ஸ், இந்தப் பட்டை ஊதாவாக மாறுவதையே வெற்றியின் அடையாளமாகக் காட்டினார். அன்றிலிருந்து பட்டையின் நிறத்தைப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் உணவுக் கட்டுப்பாட்டுக்காரர்களின் வழக்கமாயிற்று. ஆனால் இரத்தத்தில் மிகுதியாக ஓடுகின்ற கீட்டோன் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். அதை இந்தப் பட்டை அறியவே அறியாது. தண்ணீர் அதிகம் குடித்தவரின் பட்டை வெளிறிக் காட்டும். வெயிலில் வியர்த்து உலர்ந்தவரின் பட்டை கருத்துக் காட்டும். வைட்டமின் சி மிகுதியாக உட்கொண்டால் இருக்கிற கீட்டோனையும் இல்லையென்று சொல்லும். காற்றும் ஈரமும் பட்டால் பட்டை கெட்டுவிடுமாதலால், புட்டியின் மூடியை இறுக மூடாமல் குளியலறையில் வைத்திருப்பது வீண். எல்லாவற்றுக்கும் மேலாக, சில வாரங்கள் இவ்வுணவில் பழகிய சரீரம் கீட்டோன்களைச் சிறுநீரில் வீணே இழப்பதைக் குறைத்துக்கொள்கிறது. உணவு நன்றாகப் பழகிவந்த வேளையில் பட்டையின் நிறம் மங்குவதைக் கண்டு மனம் தளர்ந்து, உண்ணும் கொஞ்சத்தையும் குறைத்துக்கொள்பவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள்.

இரத்தக் கருவி இதைவிட நம்பத்தக்கது; அது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டையே நேராக அளக்கிறது. சாதாரணமாக உண்பவருக்கு லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்கும் குறைவாகவே காணும். கீட்டோ உணவினருக்கு 0.5 முதல் 3 வரை காணலாம். பட்டைகளின் விலைதான் அதிகம். ஊதிப் பார்க்கும் சாதனம் மூச்சிலுள்ள அசிட்டோனைக் காட்டும். எண்ணளவில் அதை இரத்தப் பரிசோதனைக்குச் சமமாகக் கொள்ளலாகாது.

கருவி சரியாகவே காட்டினாலும், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் மக்கள் பெரிதும் மயங்குகிறார்கள். ஒரு தொட்டியில் நிற்கும் நீரின் மட்டத்தை மட்டும் பார்த்து, எவ்வளவு நீர் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போயிற்று என்று சொல்ல முடியாததைப் போல, இரத்தத்திலுள்ள கீட்டோனின் அளவைக் கொண்டு, கல்லீரல் எவ்வளவு செய்தது, தசையும் மூளையும் எவ்வளவு எரித்தன என்று அறிய முடியாது. மேலும், கல்லீரல் கீட்டோனாக்குகின்ற கொழுப்பு இடுப்பைச் சுற்றிச் சேர்ந்திருந்த கொழுப்பாகவும் இருக்கலாம், சற்று முன் காபியில் கலந்து குடித்த வெண்ணெயாகவும் இருக்கலாம். கருவிக்கு இரண்டும் ஒன்றே. தேங்காயெண்ணெயிலுள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி கல்லீரலை விரைவில் அடைந்து கீட்டோனாகுமாதலால், நாலு கரண்டி எண்ணெயைக் குடித்தவருக்கு எண் உயரக்கூடும். உடம்பில் சேர்ந்த கொழுப்போ இம்மியும் கரைந்திராது. எண் 2 காட்டுகிறவர் 0.7 காட்டுகிறவரைவிட வேகமாக இளைப்பார் என்பதற்கு ஆதாரம் இல்லை. எடை குறைவது உண்பதற்கும் செலவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தினால். அதை அறிய, வாரத்துக்கு ஒருமுறை ஒரே வேளையில் பார்த்த எடையும், இடுப்பைச் சுற்றிப் பிடித்த அளவுநாடாவும் போதும். இரத்தக் கொழுப்பு என்னவாயிற்று என்று சில மாதங்களுக்கொருமுறை ஆய்வுக்கூடத்தில் பார்த்துக்கொள்வது, கீட்டோன் பட்டைக்குச் செலவிடுவதைவிட எத்தனையோ மடங்கு புத்திசாலித்தனமான காரியம். உணவைத் தொடங்கிய புதிதில், மறைந்திருக்கும் மாவுச்சத்து எங்கே தம்மை ஏமாற்றுகிறது என்று அறிய விரும்புகிறவர் சில தினங்கள் பட்டையைப் பார்ப்பதில் குற்றமில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சர்க்கரை வியாதிக்காரர் விஷயம் முற்றிலும் வேறு. இன்சுலின் ஓரளவாவது சுரக்கின்ற உடலில் பொதுவாகக் கீட்டோன் எல்லை மீறுவதில்லை. அது ஏறும்போது இன்சுலினே கொழுப்பு உடைவதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. இன்சுலின் சுரப்பே அற்றுப்போன முதல் வகை நீரிழிவில் அந்தத் தடை இல்லை. கீட்டோன்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, வாந்தியும் வயிற்றுவலியும், 1874ஆம் ஆண்டில் அடால்ஃப் குஸ்மால் வர்ணித்த ஆழ்ந்த வேகமான மூச்சும் தோன்றி, நினைவு தப்பி உயிருக்கே அபாயம் நேரும். இரத்தத்தில் 3 மில்லிமோலுக்கு மேல் காணுமானால், நீரிழிவுக்காரருக்கு அது அவசர நிலை.

இதில் இன்று நாம் விசேஷமாகக் கவலைப்பட வேண்டியது ஒன்றுண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், சிறுநீரகத்தின் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றி இரத்தச் சர்க்கரையைக் குறைக்கின்றன. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள் இவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் முடிந்தபின் விலை வெகுவாகக் குறைந்து, ஏராளமானோர் உட்கொள்கிறார்கள். ஆனால் சர்க்கரை வெளியேறுவதால் இன்சுலின் தாழ்ந்து, கல்லீரல் கீட்டோன் செய்யத் தூண்டப்படுகிறது. அதே வேலையைக் கீட்டோ உணவும் செய்கிறது. இரண்டும் ஒருங்கே சேரும்போது, இரத்தச் சர்க்கரை 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இம்மாத்திரைகளால் இரத்தம் அமிலமாகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015ஆம் ஆண்டு மே மாதத்திலேயே எச்சரித்தது. சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று நோயாளியும் வீட்டாரும் வாந்தியை அஜீரணமென்று எண்ணிக் காலம் கடத்துவதில்தான் இதன் கொடுமை இருக்கிறது. இத்தகைய வேளையில் சிறுநீர்ப் பட்டையை நம்பலாகாது. இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார் இவ்வுணவை உண்டு இதே ஆபத்துக்கு ஆளான நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருப்பதால், கர்ப்பிணிகளும் அவர்களும் கீட்டோ உணவை நாடாதிருப்பதே நன்று.

இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை உண்பவரும், சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவு மருந்தையே தொடர்ந்தால், கீட்டோனுக்கு முன்பாகச் சர்க்கரைத் தாழ்வு வந்து மயக்கமடையச் செய்யும். அவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரையை.

ஆகவே கீட்டோ உணவைத் தொடங்க நினைக்கும் நீரிழிவு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கருவி வாங்குவதற்கு முன், நீங்கள் உண்ணும் மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் சென்று, சோற்றை விடப்போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தொடங்கிய பின் என்றாவது விடாத வாந்தியோ, வயிற்றுவலியோ, மூச்சு வாங்குதலோ கண்டால், சர்க்கரை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், இந்த உணவையும் அந்த மாத்திரையின் பெயரையும் சொல்லி, இரத்தத்தில் கீட்டோனைப் பார்க்கச் சொல்லுங்கள்.