சோழவரத்து ஓடுபாதையிலிருந்து மெல்போர்ன் வரை

திருவள்ளூர் மாவட்டத்தில், சோழவரத்தின் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை, 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் முயற்சியால், பல ஆண்டுகள் இந்தியக் கார்ப் பந்தயத்தின் தாய்வீடாக விளங்கியது. பந்தயக் கார்களில், சாலையில் ஓடும் காரின் உருவத்தையே கொண்டது டூரிங் கார்; சக்கரங்கள் உடற்கூட்டுக்கு வெளியே நிற்பது ஃபார்முலா கார். முன்னதில் கதவோடு கதவு உரசினாலும் பந்தயம் தொடரக்கூடும். பின்னதிலோ சக்கரத்தோடு சக்கரம் உரசினால் ஒரு கார் மற்றொன்றின் மேலேறித் தூக்கியெறியப்படலாம் என்பதால், அதை ஓட்டுவோரின் துணிவு தனித்த மதிப்புக்குரியது. சோழவரத்தைத் தொடர்ந்து, 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிலையான பந்தயத் தடம் அமைந்தது. அத்தடத்தில் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராகி, 15-ஆவதாக எல்லைக்கோட்டைக் கடந்தார்.