சிஆர்பி எவ்வளவு வந்திருக்கு?

கோவிட் இரண்டாம் அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் மும்பையை அடுத்த கல்யாண், டோம்பிவலிப் பக்கம் காய்ச்சல் கண்ட வீட்டுக்குப் போன் போட்டால் இதைத்தான் முதலில் கேட்டார்கள். லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோரையும் சுற்றிவிட்டுத்தான் டாக்டரிடம் போனது. வீட்டில் சுகர்காரர் இருந்தால் பயம் இரட்டிப்பு. பயம் நியாயம்தான்; எண்ணைப் படித்த விதத்தில்தான் கோளாறு.

ஒரு எண் போதாது

சிஆர்பி கல்லீரல் சுரக்கும் புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். சுரப்பது நின்றால் சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகும். ஆகவே இன்றைய அளவைவிட, இரண்டு நாள் கழித்து அது ஏறியதா, இறங்கியதா என்பதே முக்கியம். அலகையும் பாருங்கள்: லிட்டருக்கு எழுதும் லேப் உண்டு, டெசிலிட்டருக்கு எழுதும் லேபும் உண்டு. பத்து மடங்கு வித்தியாசம்!

சர்க்கரையோடு உடல் பருமனும் சேர்ந்தவருக்குக் காய்ச்சல் இல்லாத நாளிலேயே சிஆர்பி சற்றுக் கூடியிருக்கலாம். அதே ரிப்போர்ட்டில் வரும் மற்ற எண்களும் இப்படித்தான்: கல்லீரலில் கொழுப்பிருந்தால் ஃபெரிட்டின் கூடியிருக்கலாம். டி-டைமர் வயதோடு ஏறும். கோவிட் நோயாளிகளிடம் நடந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில்கூட, அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசிக்கு சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராமைத் தொட்டால் மட்டும் போதவில்லை. ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும், அல்லது ஆக்சிஜன் வைத்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது.

மலிவான சிபிசி

பெரிய டெஸ்ட் பேக்கேஜ் எடுப்பவர்கள் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசியைக் கவனிப்பதில்லை. அதில் நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்ஃபோசைட் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். கோவிட்டில் அந்த விகிதம் நாளுக்கு நாள் ஏறியவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் ஸ்டீராய்டு தொடங்கிய பின் மருந்தே அதை ஏற்றிவிடும்.

மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் பிளேட்லெட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல், அதே சிபிசியில் உள்ள ஹீமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பாருங்கள். அது 20 சதவீதம் உயர்ந்தால் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். வெள்ளத்தில் நடந்து வந்தவருக்கு சிஆர்பி மிக அதிகமென்றால், எலிக்காய்ச்சலையும் டாக்டர் யோசிப்பார்; அது வைரஸ் அல்ல, பாக்டீரியா.

விரல் நுனி ரத்தம்

சுகர்காரருக்கு முதல் அளவுகோல் குளுக்கோமீட்டர்தான். தொற்று சர்க்கரையை ஏற்றும். கோவிட்டுக்குத் தினம் 6 மில்லிகிராம் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் இன்னும் ஏற்றும். கட்டுமீறிய சர்க்கரை, ஸ்டீராய்டு இரண்டும் சேர்ந்த உடலில்தான் 2021 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கருப்புப் பூஞ்சை பரவலாகத் தலைகாட்டியது.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்து மூச்சு வாங்கினால், மீட்டரில் 180தான் காட்டினாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். கிளினிக்குக்குக் கிளம்பும்போது கடைசி ஹெச்பிஏ1சி, பழைய கிரியாட்டினின், மாத்திரை அட்டைகள் மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.