முதுகில் சுமக்கும் இருக்கை

அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் மோட்டார் வண்டிகளோடு மிதிவண்டியையும் விலக்கிவைத்திருப்பதால், கொலராடோ மாநிலத்தில் அச்சட்டத்துக்கு உட்பட்ட மலைக்காடுகளில் எல்க் என்னும் பெரிய மானினத்தை வேட்டையாடச் செல்வோர், கூடாரம் முதல் உணவு வரை அனைத்தையும் முதுகிலோ குதிரை போன்ற சுமை விலங்குகளின் மீதோதான் கொண்டுசெல்ல வேண்டும். திரும்பும் சுமை இன்னும் கடுமையானது. வளர்ந்த ஆண் எல்க்கின் இறைச்சி, எலும்பை நீக்கிய பின்னும், 90 கிலோ அளவுக்கு வரக்கூடும் என்பதால், தனியொருவர் அதை இறக்கப் பலமுறை ஏறி இறங்க நேரிடும். இந்தக் கணக்கில் இருக்கைக்கு இடமேது என்று கேட்கத் தோன்றும். ஆனால் வேட்டை நாளின் கணிசமான பகுதி, எதிர்ச்சரிவைப் பைனாகுலரால் துழாவியபடி ஓரிடத்தில் அமர்ந்திருப்பதிலேயே கழிகிறது. ஈரப் பாறையில் அமர்ந்தவர் கால்மணி நேரத்தில் நெளியத் தொடங்கினால், அந்த அசைவு அருகிலுள்ள விலங்கை எச்சரித்துவிடும்.

உட்கார்ந்திருப்பவரின் உடற்சூடு, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் வழியே கடந்து குளிர்ந்த நிலத்துக்குள் இறங்குகிறது. கால்சட்டையின் பஞ்சு உடல் எடையால் நசுங்கித் தன்னுள் அடக்கிய காற்றை இழப்பதால், மிகவும் தேவைப்படும் அந்த இடத்திலேயே அது பயன்படாமல் போகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நுண்குமிழ்களால் ஆன, நீரை உறிஞ்சாத நுரைத்தகடு அவ்வளவு எளிதில் நசுங்குவதில்லை. ஏறத்தாழ 60 கிராம் எடையில் மடித்து வைக்கக்கூடிய இத்தகடு, காற்றடைத்த மெத்தையைப் போல முள் குத்தி வீணாவதுமில்லை. முதுகுக்குச் சாய்வு இல்லை என்பதும், முழங்கால்கள் மடங்கியே இருக்க வேண்டும் என்பதும் இதன் குறைகள். மரத்தடியில் அமர்வோருக்கு முதற்குறை ஒரு பொருட்டன்று.

துணி இருக்கை கொண்ட மடக்கு முக்காலியின் சிறப்பு வடிவியலில் இருக்கிறது: மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைவதால், மேடுபள்ளமான தரையிலும் அது ஆடாது. புல்லுக்கு மேலே பார்வையை உயர்த்தவும் உதவும். எனினும் அதன் குறுகிய துணி தொடையின் அடிப்புறத்தை அழுத்துவதால், நெடுநேரம் அமர்வோருக்குக் கால் மரத்துப்போகும்.

மீள்கயிற்றில் கோத்த அலுமினியக் குழாய்களைப் பொருத்தித் துணியை மாட்டும் நாற்காலிகளில், ஹெலினாக்ஸ் நிறுவனத்தின் ‘சேர் ஜீரோ’ அரைக்கிலோ அளவே எடையுள்ளதாயினும் 120 கிலோவைத் தாங்கும் என்று குறிக்கப்படுகிறது. சாய்ந்து அமரும் சுகத்தில் மற்றவை இதற்கு ஈடாகா. ஆனால் மொத்த எடையும் நான்கு சிறு நுனிகளில் இறங்குவதால் சேற்றிலும் பனியிலும் கால்கள் புதைகின்றன. சரிவில் வைத்தால் கவிழும் அபாயமும் உண்டு. ஒரே இடத்தில் கூடாரமடித்துப் பல நாள் தங்குவோருக்கு இது தகும். நாள்தோறும் இடம் மாறுவோருக்கு அந்த அரைக்கிலோ வீண் என்றே சொல்ல வேண்டும். நுரைத்தகடோ உட்காராத வேளையிலும் உதவுகிறது. வேட்டை முடிந்து இறைச்சியைப் பிரித்தெடுக்க மண்டியிடுகையில், அது முழங்காலுக்கு அடியில் போய்விடுகிறது.