பேசாதவரிடம் என்ன கேட்பது?

கொடைக்கானலுக்குள் ஒரு நாளில் எத்தனை வண்டிகள் நுழைகின்றன? இன்று இதற்குப் பதில் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. 2025 கோடைக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் கட்டினார்கள். செக்போஸ்ட்டில் நின்றால் வண்டியை எண்ணிவிடலாம்.

அதே மலையில், பேத்துப்பாறைப் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் மாத வருமானம் எவ்வளவு? இதை எண்ண எந்தச் செக்போஸ்ட்டும் கிடையாது. தோட்டக் கூலி கொஞ்சம்; தேன், கடுக்காய், கல்பாசி விற்றது கொஞ்சம்; காட்டில் தோண்டிச் சாப்பிட்ட கிழங்குக்கு விலையே இல்லை. ஆனால் ஆய்வுப் படிவத்தில் 'மாத வருமானம்' என்றொரு கட்டம் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் அதில் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியது நாளை புள்ளிவிவரம்.

வளரும் நாடுகளின் வறுமையை ஆராயும் துறைக்கு இது பழைய தலைவலி. 1970களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்த ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் வெளியிட்ட நூலில் தன் சகாக்களையே விளாசினார். தார்ச்சாலை போகும் ஊருக்கே போகிறார்கள். மழை இல்லாத மாதமாகப் பார்த்துப் போகிறார்கள். பெரிய மனிதர்களிடம் பேசிவிட்டு ஜீப் ஏறுகிறார்கள் என்றார். கொடைக்கானலில் இது அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு விடுமுறை மே மாதத்தில். மலைக்கு அதுதான் சீசன். கஷ்டம் தெரிவதோ வடகிழக்குப் பருவமழையில். மண் சரிந்து பஸ் நிற்கும், கூலி வேலையும் நின்றுபோகும். அப்போது படிவத்தோடு யாரும் வருவதில்லை.

வந்தாலும் என்ன கேட்பது? 1962 முதல் 1964 வரை பளியர்களோடு தங்கிய அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் எப்போதுமே குறைவாகப் பேசுபவர்கள், நாற்பது வயதில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள் என்று எழுதினார். கொஞ்சம் மிகைதான், அந்நியரிடம் வாய் திறக்காதவர் வீட்டிலும் ஊமையாக இருப்பார் என்று சொல்ல முடியாது. அவர் கவனித்த இன்னொன்று முக்கியமானது. பூசல் வந்தால் பளியர்கள் எதிர்த்து நிற்க மாட்டார்கள், விலகிப் போய்விடுவார்கள். அந்த வாரம் வருகிற கணக்கெடுப்பாளர் 'வீட்டில் ஆள் இல்லை' என்று குறித்துக்கொண்டு போவார். ஏன் இல்லை என்பது கார்ட்னருக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் அங்கேயே கிடந்தார் என்பதுதான்.

1980களின் இறுதியில் பங்கேற்பு மதிப்பீடு என்ற முறை இந்தியாவிலும் கென்யாவிலும் பரவியது. ஊர்க்காரர்களே தரையில் கோலப்பொடி, கல், விதை வைத்துத் தங்கள் ஊரின் வரைபடத்தைப் போடுவார்கள். நல்ல முறை. ஆனால் கோலப்பொடியை முதலில் கையில் எடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். தோட்ட முதலாளி முன்னால் நின்றால், அவரிடம் கூலிக்குப் போகும் பெண் பின்வரிசைக்குப் போய்விடுவார். படத்தில் தோட்டம் பெரிதாக இருக்கும், காட்டுப் பாதை இருக்காது.

சமவெளிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் மலைக்கு வாய்க்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை அனுப்பி எடுத்த கிராம ஆய்வு 1918இல் நூலானது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களுக்கு 1930களிலும் 60களிலும் 80களிலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இலும் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தொண்ணூறு ஆண்டுக்கு அங்கே சொல்ல முடிகிறது. இந்த ஐந்தில் ஒன்றுகூட மலைக்கிராமம் இல்லை.

அடுத்து பேத்துப்பாறைக்கு வரப்போகும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே மாதம் வந்தால் மழைக்காலத்திலும் ஒருமுறை வாருங்கள். கண்டதைத் தமிழில் எழுதி, ஊர் கூடும் இடத்தில் படித்துக் காட்டுங்கள்; தப்பென்றால் அவர்களே திருத்துவார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் உள்ளாட்சிகள் தினக் கூட்டம் நவம்பர் 1 அன்று, சரியாக மழை நாளில்தான் வருகிறது.