காய்கறிக்கும் காரா?

ஐம்பது வயதைத் தாண்டிய பெண் சைக்கிளில் பசாருக்குப் போனால் ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரே கேள்விதான்: "காடி ரிப்பேரா, அக்கா?"

எங்கள் ஊர்க் கணக்கில் சைக்கிள் மூன்று பேருக்குத்தான் சொந்தம். வேலைக்குப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் பறக்கும் ஹெல்மெட்காரர்கள், பிரேக்கைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் பாயும் 'பாசிக்கல் லாஜாக்' பையன்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அப்படிப்பட்ட சைக்கிள்களில் சென்ற கூட்டத்தின்மீது கார் மோதி எட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சைக்கிள் என்றாலே பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நான் பேசுவது நாலாவது வகையைப் பற்றி: கீரையும் மாத்திரையும் வாங்கப் போகும் சைக்கிள்.

பசார், கிளினிக், கோவில் என்று என் ஓட்டமெல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காருக்கு ஆகாத தூரமே அதுதான். இன்ஜின் சூடேறும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறோம். சூடேறாத இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் சூடானால்தான் முழுதாக வேலை செய்யும்.

அடுத்தது உடம்பு. மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்கிறது 2023 தேசிய சுகாதார ஆய்வு. பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரைக் கவனித்து 2017இல் வெளிவந்த ஆய்வில், வேலைக்கு சைக்கிளில் போனவர்களிடையே இறப்பு அபாயம், காரிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட 41 விழுக்காடு குறைவாக இருந்தது. முழுப் புண்ணியமும் சைக்கிளுக்கே என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசையட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்முக்கு நேரமில்லாதவர்களுக்குப் பசார் போய்வருவதே அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொரு லாபம் பெண்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் மிச்சமானது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலை முடிந்து பாலம் தாண்டி வரும்வரை நானும் எதற்கும் காத்திருப்பதில்லை.

வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்பிவிடுவேன். கூடையில் மழைச்சட்டை கிடக்கும். பிரேக், மணி, பின்விளக்கு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பெர்மாஸ் பாலத்திலும் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையிலும் ஏறமாட்டேன். லோரிக்குப் பக்கத்தில் வீரம் காட்டக் கூடாது. தாமானின் உள்சாலைகள் போதும்.

மாநகர் மன்றத்திடம் நான் கேட்பதும் பெரிதில்லை. கடைவரிசை முன்னால் ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில் இரும்புக் கம்பி நட்டுக் கொடுத்தால் ஏழெட்டு சைக்கிளைப் பூட்டி வைக்கலாம். அத்தனை பேர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், பார்க்கிங் தேடிச் சுற்றுகிறவர்களுக்கும் இடம் கிடைக்கும். ஆகவே சைக்கிளே ஓட்டாதவர்களும் இதைக் கேட்கலாம்.