பஞ்சிலிருந்து பசை: சி.எம்.சி. எப்படித் தயாராகிறது?

நாம் வாங்கும் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பவுடரில் டால்க் மாவோடு ஒரு பசையும் இருக்கும். அதுதான் சி.எம்.சி., அதாவது கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். நுண்ணுயிர் விதையில் ஒட்டுவதற்காக, கிலோ டால்க்குக்கு 5 முதல் 10 கிராம் சேர்ப்பது வழக்கம். “செல்லுலோஸ்தானே சார், செடியில இருக்கிறதுதானே?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாதிதான் சரி.

மூலப்பொருள் செடிதான். மரக்கூழ், அல்லது பஞ்சு எடுத்தபின் பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழை. ஆனால் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. கரைஞ்சா நம்ம வேட்டியைத் துவைக்க முடியுமா? அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் ஆலையின் வேலை.

முதலில் கூழைப் பொடியாக்கி, ஐசோபுரொப்பைல் போன்ற ஆல்கஹாலில் கலக்கி, காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள். இழை உப்பி இளகும். அடுத்து மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தில் குளோரின் ஏற்றிச் செய்வது இது. தோலில் பட்டாலே ஆபத்து. சுமார் 60-70 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால், செல்லுலோஸோடு புதிய அணுக்கூட்டம் பிணையும். இனி அது தண்ணீரில் கரையும், கெட்டியாகும்.

கூடவே சாதாரண உப்பும் சோடியம் கிளைக்கோலேட்டும் உருவாகும். மிஞ்சிய காரத்தை அமிலத்தால் சமன்செய்து, ஆல்கஹால் கலந்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, உலர்த்தி அரைத்தால் வெள்ளைப் பொடி. உணவுத் தரம் என்றால் தூய்மை 99.5 சதவீதமாவது இருக்கணும். அலசாமல் உலர்த்தும் மலிவு ரகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்புதான். அது எண்ணெய்க் கிணறு தோண்டவும் சலவைத்தூளுக்கும் போகும்.

ஆக, இது விஷம் என்று பயப்பட வேண்டாம். இயற்கைப் பொருள் என்று நம்பவும் வேண்டாம். வங்கிக் கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தையும் படிக்கச் சொல்வேன். பொட்டலத்துக்கும் அதே பேச்சுதான். சான்றிதழ் வைத்திருப்பவர்கள், சேர்மானப் பட்டியலைக் கம்பெனியிடம் வாங்கி, சான்று நிறுவனத்திடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலைக்கு நாள்பட வைத்தாலும் புளிக்காத பசை தேவை. நமக்கு அப்படியில்லை. வீட்டில் வளர்த்த நுண்ணுயிரை விதையில் ஒட்ட, நன்றாக ஆறின அரிசிக் கஞ்சியே போதும். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைச்சிடுங்க.